பழைய புராணக் கதைப் புத்தகங்கள்: அசல் பதிப்பா, மறுபதிப்பா? கேள்வி பதில்

மகாபாரதம், பெரியபுராணம், சீறாப்புராணம், அமர் சித்திரக் கதை என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். கேள்விகள் நிறையவே வந்திருக்கின்றன. விலை கேட்டவர்களுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அட்டைப் படத்தைப் பார்த்து விலை சொல்ல முடியாது. புத்தகம் கையில் இருக்க வேண்டும், பக்கங்களைச் சரிபார்க்க வேண்டும்.

சார், தாத்தா வைத்திருந்த கும்பகோணம் பதிப்பு மகாபாரதத்தில் சில பர்வங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. மீதியைத் தேடி வாங்கலாமா, புது செட்டே வாங்கிவிடலாமா? (மேற்கு மாம்பலம்)

இருப்பதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதுதான் முதல் வேலை. ம. வீ. இராமானுஜாசாரியார் வடமொழிப் பண்டிதர்களைக் கொண்டு மொழிபெயர்க்க வைத்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டு பாடுபட்டுக் கொண்டுவந்த பதிப்பு அது. பகுதி பகுதியாக வெளிவந்ததால் வாங்கியவர்களில் பலர் எல்லாவற்றையும் சேர்க்கவில்லை. சேர்த்தவர்களும் அவரவர் வசதிக்கு பைண்டு செய்துகொண்டார்கள். அதனால் 18 பர்வமும் ஒரே பைண்டில், ஒரே வீட்டிலிருந்து கிடைப்பது அபூர்வம். உதிரியாக ஒவ்வொன்றாய்த் தேடினால் வருஷக்கணக்கில் ஆகும், கேட்கிற விலையும் கொடுக்க வேண்டிவரும்.

என் யோசனை இதுதான். படிப்பதற்கு மறுபதிப்பு செட் வாங்குங்கள். தாத்தாவின் பர்வங்களை அப்படியே பத்திரப்படுத்துங்கள். அவர் ஓரத்தில் ஏதாவது குறித்து வைத்திருந்தால் அது எந்த மறுபதிப்பிலும் கிடைக்காது. மறுபதிப்பு வாங்கும்போது சாந்தி பர்வத்தையும் அநுசாசன பர்வத்தையும் திறந்து பாருங்கள். கதை குறைவு, உபதேசம் அதிகம் என்பதால் சுருக்குகிறவர்கள் முதலில் கைவைப்பது அங்கேதான். அவை இரண்டும் மெலிந்திருந்தால் அது முழுப் பதிப்பு இல்லை.

முகப்புப் பக்கம் கிழிந்த புத்தகத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது, ஐயா? (பெரம்பூர்)

நல்ல கேள்வி. தடயங்கள் புத்தகத்துக்குள்ளேயே இருக்கும். பின்னட்டையில் விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அந்த வருஷம் ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. அச்சக முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. அடுத்து எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணை எழுத்துகளுக்குத் தும்பிக்கை போட்ட பழைய வடிவம் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் பழைய அச்சு எழுத்துகளை உடனே மாற்றாத அச்சகங்களும் உண்டு. ஆனால் எழுத்து புது வடிவத்தில் இருக்க, விற்கிறவர் ‘80 வருஷப் புத்தகம்’ என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

தமிழ் வருஷப் பெயரை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். ‘விரோதி வருஷம்’ என்று போட்டிருந்தால் அது 1949-50ஆக இருக்கலாம், 2009-10ஆகவும் இருக்கலாம். அணாவும் பின்கோடும்தான் எந்த விரோதி என்று சொல்லும்.

பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை ஒன்றை ‘நூறு வருஷம் பழசு’ என்று பெரிய விலை சொல்கிறார்கள் அண்ணா. வாங்கலாமா? (அம்பத்தூர்)

அவசரப்படாதீர்கள் தம்பி. கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்றவர்கள் பெரிய எழுத்துப் புத்தகங்களை, அதாவது பெரிய அச்சில் வரும் மலிவு விலைக் கதைப் புத்தகங்களை, தலைமுறை தலைமுறையாக அதே வடிவத்தில் அச்சிட்டு வந்திருக்கிறார்கள். அதே மரச்செதுக்குப் படம், அதே மட்டக் காகிதம். அந்தக் காகிதம் சில வருஷங்களிலேயே பழுப்பேறிவிடும். ஆக, நிறத்தையும் படத்தையும் வைத்து வயது சொல்லவே முடியாது. மேலே சொன்ன தடயங்களைப் பாருங்கள். அட்டையில் ‘புகழேந்திப் புலவர் இயற்றியது’ என்றிருப்பதும் பழமைக்குச் சான்று ஆகாது. நளவெண்பா பாடிய புகழேந்தி வேறு. பவளக்கொடி மாலை, ஏணியேற்றம் போன்றவற்றையும் அந்தப் பெயரில்தான் அச்சிட்டார்கள். கதைக்காக என்றால் புது அச்சை வாங்கிப் படியுங்கள். உரக்கப் படித்தால் இன்னும் ருசிக்கும்.

சீறாப்புராணம் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. நபிகள் நாயகத்தின் வாழ்க்கை முடிவதற்குள் நூல் முடிந்துவிடுகிறது. கடைசிப் பக்கங்கள் போய்விட்டனவா? (மண்ணடி)

பிரதியில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. உமறுப்புலவரின் நூலே அப்படித்தான் நிற்கிறது. விட்ட கதையைப் பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வில் பாடினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜுறத்து என்று மூன்று காண்டங்களும், மொத்தம் 5027 பாட்டும் இருந்தால் உங்கள் பிரதி முழுமையானது. செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் 1842இல் பதிப்பித்த முதல் அச்சு கைக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம். உரையுடன் கூடிய புதுப் பதிப்பு வாங்குங்கள். ஒரே ஒரு காண்டத்தை முழு நூல் போல விற்பதும் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமர் சித்திரக் கதை முதல் அச்சு என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வேளச்சேரி)

உள்ளே போட்டிருக்கும் காப்புரிமை வருஷம் மறுஅச்சிலும் அப்படியே இருக்கும். அதைக் காட்டித்தான் பலர் விற்கிறார்கள். அட்டை விலையையும் பதிப்பாளர் பெயரையும் பாருங்கள். 1967இல் அனந்த் பை தொடங்கியபோது இந்தியா புக் ஹவுஸ் வெளியீடு. ஏசிகே மீடியா என்ற பெயர் இருந்தால் 2007க்கு முந்தியதாக இருக்கவே முடியாது.

ஆறுமுக நாவலரின் பெரியபுராண வசனத்தை ஸ்கேன் செய்து நாங்களே அச்சிடலாமா? கோயிலில் இலவசமாகக் கொடுக்க ஆசை. (திருவான்மியூர்)

தாராளமாக. ஆசிரியர் மறைந்து 60 வருஷம் வரைதான் காப்புரிமை, நாவலர் மறைந்தது 1879. ஆனால் பழைய அச்சிலிருந்து எடுங்கள். இப்போதைய பதிப்பில் சேர்த்த முன்னுரை, குறிப்பு, படம் எல்லாம் வேறொருவர் உழைப்பு, அவற்றுக்குத் தனி உரிமை உண்டு. உங்கள் பிரதியில் எந்த வருஷத்து அச்சிலிருந்து எடுத்தது என்று மறக்காமல் போடுங்கள். இந்த ஒரு வரி இல்லாத மறுபதிப்புகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

பக்கங்கள் தொட்டால் உடைகின்றன. லேமினேஷன் செய்யலாமா? (கே.கே. நகர்)

வேண்டவே வேண்டாம். ஒரு முறை செய்தால் பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் கூடாது, அதன் பசை காகிதத்தைக் கறையாக்கும். நிழலில் காற்றாட வைத்து, அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். சென்னை ஈரத்துக்குச் சுவரோர அலமாரிதான் முதல் எதிரி. படிக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு தடவை, புத்தகத்தை முழுக்க விரிக்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

மூர் மார்க்கெட் போன பிறகு சென்னையில் எங்கே தேடுவது, ஐயா? (தாம்பரம்)

1985 தீ விபத்தோடு அந்தக் காலம் முடிந்தது. இப்போது திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகள், மயிலாப்பூர் லஸ் பக்கம். புது மறுபதிப்புகளுக்கு ஜனவரி புத்தகக் காட்சி. ஆனால் பணத்தை எடுக்கும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்தத் தலைப்பைத் தேடுங்கள். இலவசமாகவே கிடைக்கலாம். இல்லையென்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேளுங்கள். அங்கே முழுப் பிரதி இருந்தால் பக்க எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.