பில்லில் வரி பூஜ்யம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடையின் பில் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதியது. சர்வரில் பிஎச்பி 8 ஏற்றியதிலிருந்து பில்லில் கடைப் பெயர் வருவதில்லை, வரி பூஜ்யம். பிழைச் செய்தியும் இல்லை. ஒவ்வொரு பில்லுக்கும் அச்சு மாதிரி இருக்கும் ‘பில்’ என்ற கிளாஸுக்குள் ‘பில்’ என்றே ஒரு ஃபங்ஷன்தான் கன்ஸ்ட்ரக்டர், அதாவது புதுப் பில் உருவாகும்போது தானாக ஓட வேண்டியது. அதில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

காரைக்குடி வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்தப் பெயர்தான் சிக்கல். பிஎச்பி 4 காலத்தில் கிளாஸின் பெயரை ஃபங்ஷனுக்கும் வைத்தால் அதுவே கன்ஸ்ட்ரக்டர். 2004-ல் வந்த 5, முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டு ‘கன்ஸ்ட்ரக்ட்’ என்று எழுதும் முறையைக் கொண்டுவந்தது, பழையதையும் விட்டுவைத்தது. 2015-ல் வந்த 7 எச்சரித்தது, 2020-ல் வந்த 8 கைவிட்டுவிட்டது. இப்போது உங்கள் ‘பில்’ வெறும் ஃபங்ஷன், யாராவது கூப்பிட்டால்தான் ஓடும். புதுப் பில் உருவாக்க ‘நியூ’ போட்டு நீங்கள் அனுப்பும் கடைப் பெயரையும் 5 சதவீத வரியையும் வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. கன்ஸ்ட்ரக்டர் இல்லாத கிளாஸுக்கு எதை அனுப்பினாலும் பிஎச்பி வாய் திறக்காது.

பெயரை மாற்றினால் பில் சரியாகிவிடும். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆத்தங்குடி பக்கம்தானே, டைல்ஸ் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் முதலில் விடுவது நிறத்தைத்தான். அப்புறம் காய்ந்த மணலும் சிமெண்டும், அதன்மேல் ஈரச் சாந்து. நிறத்தைப் பிறகு பூசிக்கொள்ளலாம் என்று எவரும் கல் போடுவதில்லை. வரி இல்லாத பில்லும் அப்படித்தான், ஒரு நொடிகூட இருக்கக் கூடாது. கடைப் பெயர், வரி இரண்டையும் கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குறிக்குள் டைப்போடு, அதாவது எழுத்தா எண்ணா என்று சொல்லி, கேளுங்கள். ‘இல்லாவிட்டால் பூஜ்யம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஒன்றை அனுப்ப மறந்தால் பில் உருவாகும் இடத்திலேயே பிழை வந்து நிற்கும். வாடிக்கையாளர் கையில் காகிதம் போனபிறகு தெரிவதைவிட அது எவ்வளவோ மேல். பிஎச்பி 8-ல் அங்கேயே ‘பிரைவேட்’ சேர்த்தால், அந்த மதிப்புகளைப் பில் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ப்ராப்பர்ட்டியைத் தனியாக அறிவிக்கவும் வேண்டாம்.

‘பில்’லிலிருந்து கிளைத்த கிளாஸ் ஏதாவது இருக்கிறதா, கல்யாண ஆர்டருக்கான பில் மாதிரி? அதற்கென்று தனிக் கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் தாய் கிளாஸுடையது தானாக ஓடாது. ‘பேரண்ட்’ போட்டு நாம்தான் கூப்பிட வேண்டும். பழைய நிரலில் அங்கே ‘பில்’ என்றே கூப்பிட்டிருப்பார்கள். பெயர் மாற்றும்போது அவற்றையும் தேடி மாற்றுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் அந்த இடத்தில் நிரல் நின்றுவிடும், இந்த முறை பிழைச் செய்தியோடு.