வெயிலுக்கு எது தோது? கேமரா அண்ணாச்சி பதில்கள்

அண்ணாச்சி, தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000 கேமரா பீரோவில் கிடந்தது. போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசை. ஃபிலிமில் தொடங்கினால்தான் கை தேறும் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தம்பி. ஃபிலிம் பொறுமையைக் கற்றுத்தரும் என்பது ஃபிலிமில் பிழைப்பு நடத்தாதவர்கள் சொல்லும் பேச்சு. எங்களுக்குப் பொறுமை வந்தது வேறு வழியில்லாமல்தான். ரோல் முடிந்து, கழுவி, பிரிண்ட் போட்டுப் பார்ப்பதற்குள் எந்தப் படத்துக்கு என்ன அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) வைத்தோம் என்பதே மறந்துபோகும். டிஜிட்டலில் அப்பர்ச்சர், ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) மூன்றும் படத்தோடு சேர்ந்தே பதிவாகின்றன. எங்கே கோளாறு என்பது நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதனால் முதலில் ஒரு பழைய டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவை இரவல் வாங்குங்கள். மேனுவல் மோடில் வைத்துக்கொண்டு சுலோச்சன முதலியார் பாலத்தில் சாயங்காலம் நின்று, ஷட்டரை மட்டும் மாற்றி மாற்றி வண்டிகளை எடுங்கள். அப்புறம் அப்பர்ச்சரை மட்டும் மாற்றுங்கள். இது கைக்கு வந்தபின் தாத்தாவின் கேமராவை எடுத்தால் புதிதாகப் படிக்க அதிகம் இருக்காது. லென்ஸ், அப்பர்ச்சர், ஷட்டர் எல்லாம் அதேதான். பெரிய வித்தியாசம் ஐஎஸ்ஓ. 200 ரோல் போட்டால் 36 படமும் 200தான். வெயிலில் இருந்து கோயில் பிரகாரத்துக்குள் நுழைந்ததும் டிஜிட்டல்காரன் பட்டனைத் திருகி 1600 வைத்துக்கொள்வான். நீங்கள் ஷட்டரைக் குறைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து மூச்சைப் பிடிக்க வேண்டும்.

கே1000 நல்ல உருப்படி. 1976 முதல் 1997 வரை தயாரித்தார்கள். வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. அது செத்தாலும் ஷட்டர் ஓடும். ரோல் வாங்குவதற்கு முன் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வேகத்திலும் தட்டிப் பாருங்கள். ஒரு செகண்டுக்கும் 1/30க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கதவு ஓரத்துக் கறுப்பு ஸ்பாஞ்சைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அப்படியானால் அதை மாற்ற வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். லென்ஸின் ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் பாருங்கள். நூலாம்படை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. பீரோவில் துணிக்குள் சுற்றி வைத்த கேமராவுக்கு இது வரத்தான் செய்யும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கலர் ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் கூலி, கூரியர் எல்லாம் சேர்த்தால் 36 படத்துக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும்.

ஆனித் தேரோட்டத்தில் நான் எடுத்த டிஜிட்டல் படங்களில் வடம் பிடிக்கிறவர்களின் வேட்டியெல்லாம் வெறும் வெள்ளையாகிவிட்டது. அப்பா ஃபிலிமில் எடுத்த பழைய தேர்ப் படத்தில் வேட்டி மடிப்புகூடத் தெரிகிறது. என் கேமரா மட்டமா?
- வாசகர், நெல்லை டவுன்

கேமரா மேல் குற்றமில்லை. ஃபிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கியமானதே இதுதான் என்பேன்.

டிஜிட்டலில் ஃபிலிமின் இடத்தில் இருக்கும் சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அது நிறைந்துவிட்டால் அதற்குமேல் வருகிற வெளிச்சம் கணக்கில் சேராது. ரத வீதியில் உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியும், மேல்சட்டை இல்லாத கறுத்த முதுகும், தேரின் அடிநிழலும் ஒரே படத்தில் வந்தால் கேமரா சராசரி பார்த்துக் கூட்டி வைக்கும். வேட்டி போய்விடும். போனது போனதுதான், கம்ப்யூட்டரில் இழுத்தாலும் வராது. நெகட்டிவ் ஃபிலிமில் நடப்பது வேறு. அதிகம் வெளிச்சம் பட்ட இடம் நெகட்டிவில் நல்ல கறுப்பாக விழும். ஆனால் அந்தக் கறுப்பு போகப் போக மெதுவாகத்தான் ஏறும், சட்டென்று நின்றுவிடாது. அதனால் மடிப்பு அதற்குள் இருக்கும். பிரிண்ட் போடுகிறவர் நெகட்டிவைப் பெரிதாக்கி பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜருக்குக் கீழே கையைக் குவித்து, விரலிடுக்கு வழியாக வேட்டி விழும் இடத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் காட்டி அதை வெளியே கொண்டுவருவார். உங்கள் அப்பாவின் படத்தில் பாதி உழைப்பு அந்த டார்க் ரூம்காரருடையது.

எனவே டிஜிட்டலில் வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள், நெகட்டிவில் கூட்டி எடுங்கள். டிஜிட்டலில் வெளுத்த இடம் மினுக் மினுக் என்று காட்டும் வசதி இருக்கும், அதை ஆன் செய்துகொண்டு, மினுக்கல் நிற்கும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். ரா ஃபைலாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைலாக எடுத்தால் நிழலில் கிடக்கும் முகத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், கொஞ்சம் புள்ளி விழும், பரவாயில்லை. நெகட்டிவில் நேர்மாறு: நிழலில் வெளிச்சம் பதியவில்லை என்றால் அங்கே எதுவுமே இருக்காது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு, கூடினால் ஃபிலிம் தாங்கிக்கொள்ளும். திரையில் போட்டுக் காட்டும் ஸ்லைடு ஃபிலிம் மட்டும் விதிவிலக்கு. அது டிஜிட்டலைவிடக் கறார்.

மீட்டர் இல்லாத கேமராவுக்கு ஒரு பழைய கணக்கு: நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, ஷட்டர் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்து எண். 200 ரோலுக்கு 1/250 வைக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்கு இது அப்படியே பொருந்தும்.

ஃபிலிம் எத்தனை மெகாபிக்ஸல் அண்ணாச்சி?
- வாசகர், வள்ளியூர்

ஃபிலிமில் பிக்ஸல் கிடையாது. தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் வெள்ளி உப்புத் துகள்கள்தான் உண்டு. ஸ்கேனர் எத்தனை பிக்ஸல் எடுக்கிறதோ அத்தனைதான் உங்கள் கையில் கிடைக்கும். 1975-ல் கோடாக் இன்ஜினியர் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 0.01 மெகாபிக்ஸல். ஒரு படத்தை கேசட்டில் பதிய அதற்கு 23 செகண்ட் பிடித்தது. ஃபிலிம் விற்றுக் கொழித்த கம்பெனிக்குள்ளேயே அது பிறந்தது, பாருங்கள்.

என் ஆச்சி கல்யாணத்துக் கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்த அம்மா கல்யாணத்து கலர் ஆல்பம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. ஆல்பத்தைப் பூட்டித்தான் வைத்திருந்தோம். என்ன செய்யலாம்?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளியால் ஆனது. நன்றாகக் கழுவியிருந்தால் தலைமுறை தாண்டும். கலர்ப் படத்தில் கழுவும்போதே வெள்ளியை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது சியான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயம். பழைய கலர் பேப்பர்களில் சியான் சாயம் இருட்டில் இருந்தாலும் வெளிறிவிடும். மற்ற இரண்டும் சேர்ந்தால் சிவப்புதானே.

முதலில் நெகட்டிவைத் தேடுங்கள், தாயி. ஆல்பத்தின் கடைசியில் ஒரு பழுப்புக் கவரில் செருகி வைத்திருப்பார்கள். கிடைத்தால் ஸ்கேன் செய்ய அனுப்புங்கள், அந்தச் சிவந்த பிரிண்டைவிட நன்றாக வரும். கிடைக்காவிட்டால் பிரிண்டையே ஸ்கேன் செய்து வண்ணத்தைத் திருத்தலாம், ஓரளவுக்கு மீளும். ஒட்டுகிற பசைத்தாள் ஆல்பமாக இருந்தால் படத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். பல்லுக்கு இடுக்கில் விடும் நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். செல்போன் தொலைந்தால் படமும் போச்சு. ஃபிலிம் காலத்தில் இந்தப் பயம் எங்களுக்கு இல்லை.

கூந்தன்குளத்தில் பறவைகளை ஃபிலிமில் எடுக்கலாமா?
- வாசகர், நாங்குநேரி

எடுக்கலாம், ஆனால் சிபாரிசு செய்ய மாட்டேன். பறக்கிற நாரைக்கு 1/1000 ஷட்டராவது வேண்டும். ஒரு கூட்டம் கிளம்பி இறங்குவதற்குள் 36 படமும் தீர்ந்துவிடும், ரோல் மாற்றும்போதுதான் நல்லது எல்லாம் நடக்கும். இந்த வேலைக்கு டிஜிட்டல்தான். சின்ன சென்சார் உள்ள நிக்கானில் 300 எம்எம் லென்ஸ் 450 எம்எம் மாதிரி வேலை செய்யும், அதுவும் லாபம். கேமரா எதுவானாலும் ஒன்று: அந்த ஊரில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டவர்கள் இருக்கிறார்கள். கூட்டைக் கலைத்துப் பறக்க வைத்துப் படம் எடுக்காதீர்கள்.

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ரோல் கழுவ முடியுமா? குளியலறைதான் இருக்கிறது.
- ஆசிரியர், அம்பாசமுத்திரம்

தாராளமாக. முழு இருட்டு, ஃபிலிமைச் சுருளில் ஏற்றி, வெளிச்சம் புகாத கழுவும் டப்பாவான டேங்கை மூடும்வரைதான் வேண்டும். சிவப்பு விளக்கு பேப்பருக்குத்தான், ஃபிலிமுக்கு ஆகாது. வீணான ரோலை வைத்து முதலில் வெளிச்சத்தில் ஏற்றிப் பழகுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. கை வேர்த்தால் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. பவுடரும் பூசக்கூடாது. கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போங்கள்.

அடுத்த தொல்லை சூடு. படத்தைத் தெரியவைக்கும் மருந்தான டெவலப்பருக்குச் சொல்லியிருப்பது 20 டிகிரி. சித்திரையில் நம்ம மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் காபியே போடலாம். ஐஸ்கட்டியை டெவலப்பரில் போட்டால் மருந்து நீர்த்துவிடும். பிளாஸ்டிக் கவரில் கட்டி, பாட்டிலைச் சுற்றியுள்ள தண்ணீரில் போடுங்கள். படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்கட்டும், ஒன்று குளிர்ந்து ஒன்று கொதித்தால் மேல்பூச்சு சுருங்கிப்போகும். நாங்கள் இந்த வேலையை விடிகாலையில்தான் வைத்துக்கொள்வோம். கலர் ஃபிலிமுக்கு டெவலப்பர் 37.8 டிகிரி. அதற்கு நம்ம ஊர் தோது, தண்ணீரைக் கொஞ்சம் சுட வைத்தால் போதும்.

பரணில் 'இந்து' என்று போட்ட பழைய கறுப்பு வெள்ளை ரோல் பிரிக்காமல் கிடைத்தது. போட்டு எடுக்கலாமா?
- வாசகர், பணகுடி

ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்தது. காலாவதி ஆகிப் பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் கூட்டி எடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பரணில் ஓட்டுச்சூட்டில் கிடந்திருந்தால் படம் புகைமூட்டமாகத்தான் வரும். போட்டுப் பாருங்கள், ஆனால் யார் வீட்டுக் காதுகுத்துக்கும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.