மலையகத் தமிழர் என்றால் யார்? 'இந்தியத் தமிழர்' என்ற பெயரைப் பலர் ஏன் விரும்புவதில்லை?

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன், பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் வேர்விட்ட தமிழர்கள்தான் மலையகத் தமிழர். பிரித்தானியர் ஆட்சியில், 1820களிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் பரம்பரை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை வந்தது. பயிர் மாறியது, தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசை அறையான லயக் காம்பரா மாறவில்லை.

சரி, பெயரில் என்ன இருக்கிறது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்றது. அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றும் மனதைத் தைப்பது அதுதான். அக்கா இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

தாத்தா கட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்த பேரனைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் தினமும் "நீங்க எந்த ஊர்லேருந்து வந்தீங்க?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? 'இந்தியத் தமிழர்' என்ற சொல் பலர் காதில் அப்படித்தான் விழுகிறது. 'மலையகத் தமிழர்' என்பது தாங்களே விரும்பி ஏற்ற பெயர். முன்னோர் வந்த 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தபோதும் அந்தப் பெயரோடுதான் நடந்தார்கள்.

இவர்கள் இன்னும் இந்தியக் குடிமக்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு, 1988, 2003 சட்டங்களுக்குப் பிறகு இவர்கள் இலங்கைக் குடிமக்கள்.