பின் வீல் அலைன்மென்ட் போல்ட்டு இறுகிப் போச்சு, என்ன பண்றது?

கேள்வி: சார், என்கிட்ட 2009 மாடல் ஹோண்டா சிவிக் இருக்கு. தூத்துக்குடியில உப்பளத்து ரோட்டுலதான் தினமும் வேலைக்குப் போய் வரேன். பின் டயர் ரெண்டும் உள்பக்கம் மட்டும் கம்பி தெரியற அளவுக்கு தேஞ்சிடுச்சு. ஒரு கடையில பின்னாடி அட்ஜஸ்ட்மென்டே கிடையாதுன்னுட்டாங்க. இன்னொரு கடையில நட்டு லூசாச்சு, போல்ட்டு அசையல, நீளமா பைப்பு மாட்டி திருகுனாங்க, ஸ்கிரீன்ல பச்சை வந்துடுச்சுன்னு பிரிண்ட் குடுத்தாங்க. புது டயர் போட்டு 4,000 கிலோமீட்டர்ல மறுபடியும் அதே தேய்மானம். இப்ப மெக்கானிக் கேஸ் வெல்டிங் வச்சு சூடு பண்ணி எடுத்துடலாம்ங்கறார். செய்யலாமா?
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: சூடு வைக்க விடாதீங்க, முதல்ல அத சொல்லிடறேன். காரணம் பின்னாடி வரேன்.

அட்ஜஸ்ட்மென்ட் இல்லன்னு சொன்னது தப்பு. நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார் பெரும்பாலும் பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கற ஒரே இரும்பு பீம்தான், அதுல திருப்ப ஒண்ணும் இருக்காது, அந்தப் பழக்கத்துல சொல்லிடறாங்க. 2006-ல இருந்து 2013 வரைக்கும் இங்க வித்த உங்க சிவிக்குல பின்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியா பிடிச்சிருக்கற இரும்புக் கை, அதுதான் ஆர்ம். அதுல ஒரு ஆர்மோட உள்முனையில இருக்கற போல்ட்டுதான் டோ, அதாவது சக்கரத்தோட மூக்கு நேரா இல்லாம உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கற கோணம், அத அட்ஜஸ்ட் பண்ற போல்ட்டு. தலையில கேம்னு ஒரு வட்டத் தகடு இருக்கும், நடு ஓட்டை மையத்துல இல்லாம ஒரு பக்கமா தள்ளி இருக்கும். போல்ட்ட திருப்புனா அந்தத் தகடு பிராக்கெட்ல இருக்கற வரம்புல முட்டி ஆர்ம உள்ளயோ வெளியவோ தள்ளும், சக்கரத்தோட மூக்கு அதுக்கேத்த மாதிரி திரும்பும்.

இந்த டோ கொஞ்சம் தப்பினாலே டயருக்கு எவ்வளவு அடின்னு ஒரு கணக்கு பாருங்க. ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பி நின்னா, நேரா போற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டுல இழுபடுது. உங்க 4,000 கிலோமீட்டருக்கு அது 35 கிலோமீட்டர், புது டயர ரோட்டுல வச்சு தேய்ச்ச மாதிரி. கையால டயரோட உள்பக்கத்த தடவிப் பாருங்க, ஒரு திசையில வழவழன்னும் எதிர்த் திசையில ரம்பம் மாதிரி நறநறன்னும் இருந்தா டோ கோளாறுதான்.

பிரிண்ட்ல பச்சை வந்தும் ஏன் தேஞ்சுதுன்னா, அந்த போல்ட்டு ஆர்ம் முனையில இருக்கற ரப்பர் வளையமான புஷ்ஷுக்கு நடுவுல இருக்கற இரும்புக் குழாய் வழியா போகுது. நட்ட லூஸ் பண்ணா போல்ட்டு குழாய்க்குள்ள சும்மா சுத்தணும். உப்புக் காத்தும் உப்பு லாரியில இருந்து ரோட்டுல சொட்டுற தண்ணியும் வருஷக்கணக்கா உள்ள போயி துருப்பிடிச்சு போல்ட்டும் குழாயும் ஒண்ணா ஒட்டிக்கிடுச்சு. பைப்பு போட்டு திருகினப்ப போல்ட்டோட சேர்ந்து குழாயும் திரும்பி, சுத்தி இருக்கற ரப்பர் முறுக்கிக்கிடுச்சு. அந்த நேரம் ஸ்கிரீன் பச்சைதான். வண்டி ஓட ஓட முறுக்குன ரப்பர் கிழிஞ்சு, ஆர்ம் இஷ்டத்துக்கு ஆட, டோவும் ஓடிப்போகுது. கடைக்காரர் ஏமாத்துனார்னு நான் சொல்லல, ஆனா ஒட்டிக்கிட்ட போல்ட்ட பைப்பு போட்டு திருப்பறது வேலையே இல்ல. சந்தேகம்னா நீங்களே பாக்கலாம், போல்ட்டு தலையிலயும் புஷ் குழாய் ஓரத்துலயும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு நட்ட லூஸ் பண்ணி லேசா திருப்புங்க, தலையில உள்ள கோடும் குழாய்ல உள்ள கோடும் சேர்ந்தே நகர்ந்து கைய விட்டதும் திரும்பி வந்தா ஒட்டிக்கிடுச்சு.

இப்ப எடுக்கற வழி. மூணு நாள் காலையும் ராத்திரியும் ரஸ்ட் ரிமூவர் ஸ்பிரே அடிங்க, குழாயோட ரெண்டு முனையிலயும் இறங்கற மாதிரி. அப்புறம் நட்ட போல்ட்டு முனையோட சமமா நிக்கற வரைக்கும் கழட்டி, பித்தளைத் துண்டு வச்சு தட்டுங்க, மரை கெடாது. அசைஞ்சா அதிர்ஷ்டம். கடலோரத்து வண்டியில பெரும்பாலும் அசையாது. அப்ப சூடு வைக்கணும்னு தோணும், ஆனா சூடு போல்ட்டுக்குப் போறதுக்குள்ள ரப்பர் எரிஞ்சு போயிடும், பக்கத்துல பெட்ரோல் டேங்க், பிரேக் லைன் எல்லாம் இருக்கு. அந்த ரிஸ்க் எடுத்தும் புஷ் போயிடும், அப்ப எதுக்கு?

நேரா அறுத்துடுங்க. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மெல்லிய இடைவெளி இருக்கும், அதுல நல்ல பை-மெட்டல் ஹேக்ஸா பிளேட விட்டு போல்ட்ட ரெண்டு எடத்துல அறுத்தா ஆர்ம் தனியா கழண்டுடும். கிரைண்டர் வேணாம், தீப்பொறி. பிராக்கெட்ல பிளேடு படாம பாத்துக்கணும். வண்டி ஸ்டாண்டு மேல நிக்கணும், ஜாக்கிய மட்டும் நம்பி உள்ள படுக்காதீங்க. ஸ்கோடா லாரா மாதிரி வண்டியில கீழ் ஆர்ம் மேலயே ஸ்பிரிங் உக்காந்திருக்கும், அங்க ஆர்மத் தாங்கிப் பிடிக்காம அறுத்தா ஸ்பிரிங் அடிச்சுடும், ஆபத்து.

ஆனா பிளேட வைக்கறதுக்கு முன்னாடி புது போல்ட்டு, கேம் வாஷர், லாக் நட்டு, புஷ்ஷோ முழு ஆர்மோ கையில வந்திருக்கணும், ரெண்டு பக்கத்துக்கும். இல்லன்னா வண்டி பத்து நாள் லிஃப்ட்லயே நிக்கும். மாட்டும்போது போல்ட்டு உடம்புலயும் குழாய் உள்ளயும் ஒட்டிக்காம தடுக்கற ஆன்டி-சீஸ் கிரீஸ் நல்லா தடவுங்க, மரையில தடவாதீங்க. கடைசி டைட் சக்கரம் தரையில இருந்து வண்டி பாரம் இறங்கின பிறகுதான். தொங்கவிட்டு டைட் பண்ணா ரப்பர் முறுக்கிட்டே நிக்கும், மறுபடி அதே கதை. அப்புறம் பின்பக்கம் முதல்ல அலைன்மென்ட், அதுக்கப்புறம் முன்பக்கம், இந்த வரிசையில கேட்டு வாங்குங்க, பின் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளுதோ அத வச்சுத்தான் ஸ்டியரிங் நேரா நிக்கும்.

கேள்வி: என் ஸ்விஃப்ட்லயும் பின் டயர் ஒண்ணு மட்டும் உள்பக்கம் தேயுது. எனக்கும் இந்த போல்ட்டு மாத்தணுமா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்க வண்டியில அந்த போல்ட்டே கிடையாதும்மா, பின்னாடி டார்ஷன் பீம், மேல சொன்ன அந்த ஒரே பீம்தான். ஒரு பக்கம் மட்டும் தேஞ்சா எங்கயாவது பள்ளத்துலயோ டிவைடர்லயோ அந்தச் சக்கரம் மோதியிருக்கலாம். நாலு சக்கரத்துக்கும் ரீடிங் எடுக்கச் சொல்லுங்க, முதல்ல வீல் பேரிங் ஆடுதான்னு பாருங்க. பேரிங் சரியா இருந்தும் ரீடிங் ஒரு பக்கம் மட்டும் தப்பா காட்டுனா பீமோ ஆக்ஸில் முனையோ வளைஞ்சிருக்கு, அத சூடு வச்சு நிமித்த யார்கிட்டயும் குடுக்காதீங்க, மாத்திடுங்க.