வாசலில் தயங்கி நிற்பவரும் படிக்கிறார்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நான்கு வருடங்களாகத் தன்னார்வலராக இருக்கிறேன். தேடி வருபவர்களுக்கு மருந்து, கல்விக் கட்டணம், சில மாத வாடகை என்று உதவுகிறோம். உதவி பெற்றவர்களின் கதையை எழுதி, படம் எடுத்து வெளியிடுவது என் பொறுப்பு. சென்ற வருடம் கணவரை இழந்த ஒரு அக்காவைப் பேச வைத்து வீடியோ எடுத்தேன். பாதியில் அழுதுவிட்டார். நான் கேமராவை நிறுத்தவில்லை. அதுவரை வராத அளவுக்கு நன்கொடை வந்தது. போன மாதம் அவர் மகள் படிக்கும் பள்ளியில் யாரோ அந்த வீடியோவைக் கைபேசியில் ஓடவிட்டுக் கேலி செய்திருக்கிறார்கள். இரண்டு நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அக்கா என்னிடம் கோபப்படவில்லை. “நீங்கள் செய்த உதவிக்கு நான் என்ன சொல்ல முடியும்?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. செயலாளரோ, “கதை இல்லாமல் பணம் வராது, பணம் இல்லாமல் அடுத்தவருக்கு யார் மருந்து வாங்குவது?” என்கிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. இப்போது உதவி கேட்டு வருபவர்களும் முன்பைவிடக் குறைந்துவிட்டார்கள். தேவை குறைந்துவிட்டதோ என்னவோ. நான் இந்த வேலையை விட்டுவிடலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. வருபவர்கள் குறைந்துவிட்டார்கள், தேவை குறைந்துவிட்டதோ என்னவோ என்கிறீர்கள். நோயும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஒரே வருடத்தில் குறைந்துபோகிற ஊர் ஒன்று இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் குடிவருகிறேன்.

இப்படி நினைத்துப் பாருங்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு பெண். கணவருக்கு வேலை போய் மூன்று மாதம். பக்கத்து வீட்டுக்காரர் கைபேசியை நீட்டி, “இவர்களிடம் போய்க் கேளேன்” என்கிறார். அவள் அந்த வீடியோவைக் கடைசிவரை பார்க்கிறாள். இசை உருகுகிறது. ஒரு பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுகிறாள். கைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் மனதில் இரண்டு விஷயங்கள் பதிந்திருக்கும். இந்த இடத்தில் உதவி கிடைக்கும் என்பது ஒன்று. அதற்கு என்ன விலை என்பது இன்னொன்று. நீங்கள் நன்கொடையாளரை மனதில் வைத்து எடுத்த வீடியோவை, உதவி தேவைப்படுகிறவரும் பார்க்கிறார். அவர் உங்களுக்குக் கடிதம் எழுதமாட்டார், வராமல் இருந்துவிடுவார்.

வருகை குறைய வேறு காரணமும் இருக்கலாம். அலுவலக நேரம் மாறியிருக்கலாம், படிவம் நீண்டிருக்கலாம். ஊகித்துக்கொண்டு உட்காராமல், பழகிய நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைசி வரியில், பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது தவறில்லை, நானும் மறைத்துவிட்டேன். அதற்காக நீங்கள் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அக்காவுக்கு அப்படிக் கேட்கிற வாய்ப்பு இருந்ததா?

செயலாளரை வில்லனாக்கிவிடாதீர்கள். அவர் சொல்வதில் பாதி, ஆய்வாளர்களே சொல்வது. டெபொரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் என்ற மூவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கலந்துகொண்டவர்கள் கையில் ஐந்து டாலர் இருந்தது. பசியால் வாடும் ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் காட்டியபோது சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பசியில் இருக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைக் காட்டியபோது 1.14 டாலர்தான். விசித்திரம் இதற்குப் பிறகுதான். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டினால் கூட வேண்டுமல்லவா? 1.43-க்கு இறங்கிவிட்டது. ஒரு முகத்துக்கு நெகிழ்கிற மனம், கணக்கைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. ஆகவே முகம் வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. அந்த முகம் அழுதுகொண்டுதான் இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. அதை நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

சேர்த்துக்கொள்வது புதிய பழக்கமும் இல்லை. 1870-களில் லண்டனில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய தாமஸ் பர்னார்டோ, பிள்ளைகளை ஜோடி ஜோடியாகப் படம் எடுத்து அட்டைகளாக விற்றார். முதல் படத்தில் கந்தலும் கலைந்த தலையுமாக ஒரு பிள்ளை. அடுத்த படத்தில் அதே பிள்ளை சுத்தமாக, கையில் வேலையோடு. நிதி திரட்ட அருமையான உத்தி. பிறகு புகார் கிளம்பியது: இருப்பதைவிட மோசமாகத் தெரிவதற்காகப் பிள்ளைகளின் உடையைக் கிழித்துப் படம் எடுக்கிறார் என்று. 1877-ல் நடுவர் குழு விசாரித்தது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தாலும், படங்களில் செய்த ‘கலைப் புனைவு’ தவறு என்று கண்டித்தது. அதோடு அந்த ஜோடிப் படங்கள் நின்றன. அவருடைய இல்லங்களோ நிற்கவில்லை; அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் இருக்கிறது. கந்தல் படம் இல்லாவிட்டால் நிறுவனத்தையே மூட வேண்டியதுதான் என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறு அமைப்புக்கு ஆண்டறிக்கை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்த ஒரு பெரியவரைப் பற்றி அரைப் பக்கம். ‘இருண்டு கிடந்த அவரது வாழ்வில் ஒளியேற்றினோம்’ என்று ஆரம்பித்திருந்தேன். அச்சுக்குப் போவதற்கு முன் ஏதோ நல்ல நேரம், அவரிடம் ஒரு பிரதியைக் காட்டினேன். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்குத் தெரியாது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘இருண்டு கிடந்த’ என்பதை ஒரே கோட்டில் அடித்தார். ‘ஒளியேற்றினோம்’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. தாளைத் திருப்பித் தந்துவிட்டு, “அம்மா, நான் இருட்டில் இல்லை. காதுதான் கேட்கவில்லை” என்றார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கருவி. நான் அவருக்கு ஒரு புதிய வாழ்க்கையையே எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பேரிடர் உதவியில் ஈடுபடும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தன்னார்வ நிறுவனங்களும் 1994-ல் வகுத்துக்கொண்ட நடத்தை விதிகளில் பத்தாவது இதையேதான் சொல்கிறது: நம் செய்தியிலும் விளம்பரத்திலும் பாதிக்கப்பட்டவர்களைக் கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும், கதியற்ற பொருட்களாக அல்ல. விதி இருந்தும் என்ன? ஒரே பையை ஏழு கைகள் பிடித்திருக்க, நடுவில் வாங்குகிறவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் படம் இன்னும் எல்லா இடத்திலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

சம்மதம் வாங்கினோமே என்று செயலாளர் சொல்வார். எப்போது வாங்கினீர்கள்? காசோலையைக் கொடுக்கும் அதே மேசையில், அதே பேனாவால் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. “நான் என்ன சொல்ல முடியும்?” என்று அக்கா கேட்டாரே, அது நன்றியில் சொன்னது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருடம் தாமதமாக வந்து சேர்ந்த ‘மாட்டேன்’ அது.

உதவி கொடுத்து முடித்து, சில வாரம் போகட்டும். உதவியை முடிவு செய்கிறவர் கேட்கக் கூடாது. வேறொருவர் போய்க் கேட்கட்டும். மறுத்தால் அடுத்த மாத மருந்துக்கு எந்தப் பங்கமும் வராது என்பதை வாயால் சொல்லட்டும், காகிதத்திலும் இருக்கட்டும். எங்கெல்லாம் வெளியிடுவோம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று சொல்லுங்கள். கைபேசியில் பரவிவிட்டால் திரும்ப அள்ள முடியாது என்பதையும் மறைக்காதீர்கள். வெளியிடுமுன் முழுவதையும் அவரிடம் காட்டுங்கள். சிவப்புப் பேனா ஒன்றும் கொடுத்தால் நல்லது. பிள்ளைகள் விஷயத்தில் நான் கறார்: பெற்றோரே சம்மதித்தாலும் பிள்ளையின் முகமும் பள்ளியும் வேண்டாம். பத்து வயதில் எடுத்த படம் அவள் இருபது வயதில் வேலைக்குப் போகும்போதும் தேடினால் கிடைக்கும்.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். உங்களைப் போல ஒரே வட்டாரத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்தாது. பெயரை மாற்றிவிட்டு, ‘இரண்டு பெண் குழந்தைகள், கணவர் லாரி ஓட்டுநர், சென்ற வருட விபத்து’ என்று எழுதினால் அந்தப் பகுதியில் தெரியாதவர் யார்? பெயரை விட்டுவிட்டு மற்ற அத்தனையையும் சொல்வதைவிட, அந்த நபரைத் தெரியாதவர் படித்தால் புரிய வேண்டும், தெரிந்தவர் படித்தாலும் அடையாளம் தெரியக் கூடாது என்ற அளவுக்கு விவரங்களைக் குறையுங்கள். கைபேசியில் எடுத்த படத்துக்குள், எடுத்த இடத்தின் குறிப்பு பதிந்திருக்கலாம், அதையும் நீக்கிவிடுங்கள்.

கதை சொல்லாமல் இருக்கச் சொல்லவில்லை. என் பார்வையில் சிறு அமைப்புகள் தங்களிடம் இருக்கும் நல்ல கதையை விட்டுவிட்டுத்தான் அடுத்தவர் கண்ணீரைத் தேடிப் போகின்றன. வேலை நடக்கும் விதமே கதைதான். நீங்கள் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்: ‘கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் நிர்க்கதியாக நின்ற அபலைப் பெண்ணுக்கு எங்கள் கரங்கள் நீண்டன.’ அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘செவ்வாய்க்கிழமை காலை வந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் தேதி வாரியாக அடுக்கிய பதினொரு காகிதங்கள். மூன்று அலுவலகங்களுக்கு ஏற்கெனவே போய்வந்திருந்தார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். எந்தக் காகிதம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் தன்னார்வலர் அவரோடு நான்காவது முறை போனார். குறைந்த காகிதம் இறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகல். வாங்க இருபது நிமிடம் ஆனது. இந்த மாதம் இதே காகிதத்துக்காக இன்னும் ஆறு பேருடன் போயிருக்கிறோம். துணைக்குப் போக ஆள் போதவில்லை.’

இதில் அழுகை இல்லை. முகமும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் சாமர்த்தியசாலி என்பதும் தெரிகிறது. உங்கள் நிறுவனம் உண்மையில் என்ன செய்கிறது என்பதும், அடுத்து என்ன தேவை என்பதும் தெரிகிறது. நன்கொடையாளர் பணம் அனுப்பலாம், ஒரு நாள் துணைக்கும் வரலாம். இதைப் படிக்கிற, நான்கு தெரு தள்ளி இருக்கும் அந்தப் பெண், ‘நம் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்போமே’ என்று கிளம்புவாள்.

உதவ முடியாமல் போனதையும் எழுதுங்கள். எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம், ஏன் என்று எந்த ஆண்டறிக்கையிலாவது பார்த்திருக்கிறீர்களா? எழுதினால் பணம் குறையும் என்று செயலாளர் அஞ்சுவார். என் அனுபவத்தில், கணக்கை ஒளிக்காமல் காட்டுகிற அமைப்புக்குக் கொடுப்பவர்கள் ஒரு முறையோடு நிறுத்துவதில்லை. முதல் சில மாதம் வரவு குறையலாம், அதை மறுக்கமாட்டேன். கண்ணீர் வீடியோ கொண்டுவந்த தொகையை ஒரு சான்றிதழ் நகல் உடனே கொண்டுவராது. செயலாளரிடம் ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள். இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்: வந்த நன்கொடை, உதவி கேட்டு வந்தவர்கள். இதுவரை முதல் எண்ணை மட்டும்தானே எண்ணிக்கொண்டிருந்தீர்கள்?

இனி அந்த அக்கா. அவரைப் பார்க்கப் போவதற்கு முன்பே வீடியோவை நீக்கிவிடுங்கள். உங்கள் பக்கங்களிலிருந்தும், அச்சிட்ட அறிக்கையில் படம் இருந்தால் மிச்சமுள்ள பிரதிகளிலிருந்தும். பகிர்ந்தவர்களுக்கு, நீக்கிவிடுங்கள் என்று ஒரு செய்தி அனுப்புங்கள். எல்லோரும் கேட்கமாட்டார்கள், சிலர் கேட்பார்கள். அதன்பிறகு போங்கள். வீடியோவை நீக்கிவிட்டோம், அனுமதி கேட்டபோது மறுக்கிற வழியை உங்களுக்கு விடவில்லை, அது எங்கள் தவறு என்று சொல்லுங்கள். உங்கள் தூக்கமின்மையைப் பற்றிப் பேச வேண்டாம். பேசினால் அவர் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார். அதுவும் அவர் தலையில்தான் விழும். பள்ளியில் பேச வேண்டுமா என்பதை மகளிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் விட்டுவிடுங்கள். அவள் உங்களோடு பேசாமலே உள்ளே போய்விட்டாலும், அதுவும் ஒரு பதில்தான். எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடாதீர்கள். நீங்கள் விட்டால் அந்தக் கேமரா, நிறுத்த வேண்டுமோ என்ற சந்தேகமே வராத இன்னொருவர் கைக்குப் போகும்.

கடைசியாகச் சின்ன விஷயம். அலுவலக வாசலில் ஒரு பலகை வையுங்கள்: ‘இங்கே உதவி கேட்டு வருபவர்களைப் படம் எடுப்பதில்லை.’ செயலாளரையே எழுதச் சொல்லுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், உள்ளே வராமல் தெருவில் நின்றபடியே படிக்கிற அளவுக்கு.