போகமாட்டன் எண்டு நிக்கிற கதாநாயகனை ஃபேன்டசி கதையிலை எப்பிடி வளர்க்கிறது?

நெடுந்தீவிலை ஒரு பெடியன், கடலெண்டா பயம், தீவை விட்டு வெளிக்கிட விருப்பமே இல்லை, ஆனா அவன் போனாத்தான் தீவு தப்பும், ரெண்டாம் அதிகாரத்திலை மாட்டன் எண்டவன் ஆறாம் அதிகாரத்திலை வாளோட நிக்கிறான், நடுவிலை என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை எண்டு கேட்டிருக்கிறியள். எனக்குச் சரியாப் பிடிச்ச விஷயம் இது, அதாலை கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன்.

முதல் ஒண்டு கேக்கிறன். அவன் ஏன் மாட்டன் எண்டுறான்? பயம் எண்டு மட்டும் வைச்சிருந்தா காணாது. நான் வாசிச்ச அளவிலை இந்த மாதிரிக் கதையளிலை வளர்ச்சி வாள் வீசப் பழகிறதிலை இல்லை. அந்த மாட்டனுக்குள்ளை என்ன கிடக்குதோ அதுதான் கடைசியிலை வேறை உருவிலை வெளியிலை வரும். அதை எடுத்தெறிஞ்சுபோட்டு வீரத்தைக் கொண்டுவந்து வைச்சா, வாசிக்கிற ஆளுக்கு ரெண்டு வேறை வேறை ஆக்களைப் பாத்த மாதிரித்தான் இருக்கும். உங்கட ஆறாம் அதிகாரத்திலை நடக்கிறது அதுதான் எண்டு நினைக்கிறன்.

1937இலை வந்த டோல்கினின்ர த ஹொபிட் எண்ட நாவலை எடுங்கோ. கதாநாயகன் பில்போவுக்கு 50 வயது, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தேத்தண்ணி, நல்ல வீடு. மந்திரவாதி ஒருத்தர் 13 குள்ளரைக் கூட்டிக்கொண்டு வாறார், டிராகன் பறிச்ச தங்கத்தை மீட்கப் போகவேணுமாம், திரும்பி வராமலும் போகலாம் எண்டு கதை வந்தோடனை மனிசன் வீரிட்டுக் கத்திப்போட்டு விழுந்து நடுங்குறார். அடுத்தநாள் விடிய எல்லாரும் போட்டினம் எண்டு ஆறுதலா ரெண்டாந்தரம் காலைச்சாப்பாட்டுக்கு இருக்கேக்கை மந்திரவாதி வந்து கலைக்க, தொப்பி இல்லாமல், கைத்தடி இல்லாமல், காசு இல்லாமல், லேஞ்சி கூட எடுக்காமல் ஓடுறார். வழி நெடுக, குகையிலை, மழையிலை, பசியிலை, வீட்டிலை கேத்தில் கொதிக்கிற சத்தத்தைத்தான் நினைக்கிறார். டோல்கின் அந்த நினைப்பைக் கடைசிவரைக்கும் அவரிட்டை இருந்து பறிக்கேல்லை, நான் பெரிசா மதிக்கிறது இதைத்தான்.

ஏனெண்டா மலைக்குள்ளை தங்கம் கிடைச்ச பிறகு குள்ளரின்ர தலைவன் தோரினுக்குப் புத்தி பேதலிச்சுப் போகுது, வெளியிலை மனிசரும் எல்ஃபுகளும் படையோட நிக்கினம், சண்டை வரப்போகுது. தோரின் உயிரா நினைக்கிற ஆர்க்கன்கல் எண்ட ரத்தினம் பில்போவின்ர கையிலை. அவருக்கும் ஆசை வராமலில்லை, எடுத்து ஒளிச்சுத்தான் வைச்சிருந்தவர். ஆனா இரவோடிரவா வெளியிலை போய் அதை மற்றப் பக்கத்திட்டைக் குடுத்துப்போட்டு, அங்கையே பாதுகாப்பா நிண்டிருக்கலாம், நிக்காமல் குள்ளரிட்டையே திரும்பி வாறார், கோவத்திலை கொல்லவும் கூடும் எண்டு தெரிஞ்சும். வீட்டையும் சாப்பாட்டையும் தங்கத்தைவிட மேலா நினைக்கிற ஒருத்தராலைதான் அதைச் செய்ய ஏலும். முதலாம் அதிகாரத்திலை அவரைப் போகவிடாமல் பிடிச்சு வைச்சிருந்த அதே குணம்தான் இஞ்சை அவரைக் காப்பாத்துது.

நடுவிலை எப்பிடி எண்டுதானே கேட்டியள். நடுவிலை டோல்கின் செய்தது, ஒவ்வொரு தரமும் அவரைத் தனியா விடுறது. குகையிலை கொல்லம் எண்ட பொல்லாத பிராணியைச் சந்திக்கிறார், ஆளை மறைக்கிற மோதிரம் கையிலை, ஒரு வெட்டு காணும், இரக்கப்பட்டு அவனுக்கு மேலாலை பாய்ஞ்சு ஓடுறார். வெளியிலை வந்த பிறகு, கூட வந்த ஆக்கள் உள்ளுக்கை கிடந்தா என்ன செய்யிறது, திரும்பிப் போய்த் தேடத்தான் வேணும் எண்டு முடிவெடுக்கிறார், எடுத்துக் கொஞ்ச நேரத்திலை அவையின்ர குரல் பக்கத்திலை கேக்குது. அந்த முடிவை ஆரும் பாக்கேல்லை, செயலாக்கவும் தேவை வரேல்லை, ஆனா வளர்ச்சி அந்த இடத்திலை நடந்திட்டுது. பேந்து பெருங்காட்டு ஓரத்திலை மந்திரவாதி விட்டுட்டுப் போறார், இருட்டுக்கை பெருஞ்சிலந்தியோட தன்னந்தனியச் சண்டை பிடிக்கிறார். பிறகு டிராகன் படுத்திருக்கிற இடத்துக்குச் சுரங்கத்தாலை போகேக்கை நடுவிலை ஒருக்கா நிக்கிறார், அந்த இடத்திலை நிண்டு பிறகு காலை எடுத்து வைச்சதுதான் அவர் செய்ததிலையே பெரிய வீரம் எண்டு கதை சொல்லுறவரே சொல்லுறார். டிராகனை இன்னும் கண்ணாலை காணவே இல்லை!

உங்கட கதையிலை வழி சொல்லிக்கொண்டு ஒரு கிழவர் கடைசிவரைக்கும் கூட வாறார் எண்டு எழுதியிருக்கிறியள். அவரை எங்கையாவது இறக்கிவிடுங்கோ.

இதுக்கு வெளியிலைதான் போகவேணும் எண்டில்லை, எங்கட பாரதத்திலை விராட அரசன்ர மகன் உத்தரன் இருக்கிறான். கௌரவர் மாட்டைக் கவர்ந்துகொண்டு போட்டினம், அரசன் வேறை பக்கம் சண்டைக்குப் போட்டான், இவன் பொம்பிளையளுக்கு முன்னாலை நிண்டு தேரோட்ட ஒருத்தன் இருந்தாக் காணும் எல்லாரையும் முடிச்சிடுவன் எண்டு வீரம் கதைக்கிறான். தேரோட்ட வந்தது பேடி வேஷத்திலை இருந்த அர்ச்சுனன். படையைக் கண்டோடனை உத்தரன் தேராலை குதிச்சு ஓடுறான், அர்ச்சுனன் கலைச்சுப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து வன்னிமரத்திலை ஏத்தி, பிணம் மாதிரிக் கட்டித் தூக்கியிருந்த ஆயுதங்களை இறக்கப் பண்ணுறான். இதிலை உத்தரன் வில்வீரனாகேல்லை. அவன் செய்தது, சண்டை பிடிச்ச அர்ச்சுனனுக்குத் தேரோட்டினதுதான். ஆனா அரண்மனைக்குத் திரும்பி வந்தாப் பிறகு தேப்பன் உன்ர வெற்றி எண்டு பூரிச்சு நிக்க, நான் வெல்லேல்லை, ஒரு தேவகுமாரன்தான் வெண்டவன் எண்டு சொல்லுறான் பாருங்கோ, அவன்ர நோய் பொய்ப் பெருமை, மாறினதும் அந்த இடத்திலைதான். பிறகு குருசேத்திரத்திலை முதல்நாளே சல்லியன்ர கையாலை சாகிறான், இந்தத்தரம் ஓடேல்லை. எனக்கு அபிமன்யுவைவிட உத்தரன்ர சாவிலைதான் நெஞ்சு கூட நோகும், ஏனோ எங்கட கதைசொல்லியள் அவனைச் சிரிப்புக்காரனா மட்டும் வைச்சிட்டு விட்டிட்டினம்.

இன்னொண்டும் கவனியுங்கோ, ஓடினவனை இழுத்துக்கொண்டு வந்த அதே அர்ச்சுனன்தான் பிறகு வில்லைப் போட்டுட்டுத் தேரிலை குந்துறான். அவனுக்குச் சாவுப் பயமில்லை, எதிரிலை நிக்கிறது தாத்தாவும் குருவும். ரெண்டு பேரும் மாட்டன் எண்டினம்தான், காரணம் வேறை, அதாலை அவையளுக்குக் கிடைக்கிற மறுமொழியும் வேறை.

இப்ப உங்கட பெடியனிட்டை வருவம். நெடுந்தீவு எண்டோடனை எனக்கு முதல் மனசிலை வாறது குதிரையளும் பெருக்குமரமும் முருகைக்கல்லு மதிலும், அதுக்கு அடுத்தது பூட்டிக் கிடக்கிற வீடுகள். குறிகட்டுவான் பக்கம் போற வள்ளத்திலை ஏறின கனபேர் பிறகு திரும்பி வந்து இருக்கேல்லை, யாழ்ப்பாணம், கொழும்பு, கனடா எண்டு போட்டினம். உங்கட பெடியன்ர பயம் அலைக்கு இல்லாமல் இதுக்கு எண்டு வைச்சுப் பாருங்கோவன். போனவை வரேல்லை, நானும் போனா நானும் வரமாட்டன், பிறகு ஆச்சியை ஆர் பாக்கிறது, கோடையிலை குதிரையளுக்கு ஆர் தண்ணி இறைச்சு ஊத்திறது. அப்ப அவன்ர மாட்டன் கோழைத்தனம் இல்லை, பொறுப்பு.

அப்பிடி வைச்சா நடு அதிகாரங்கள் தாங்களாவே வரும். அவனுக்குப் பெரிய சோதனை பூதத்தோட சண்டை பிடிக்கிறது இல்லை, அக்கரையிலை ஒரு நல்ல இடம், பசியில்லை, பயமில்லை, இஞ்சை நில்லு எண்டு அன்பாக் கேக்கிற ஆக்கள். அதிலை ரெண்டு மூண்டு மாசம் அவன் நிண்டுபோகவும் வேணும், ஆச்சியின்ர முகம் மங்கத் தொடங்கவும் வேணும். அதைவிட்டு எழும்பி வள்ளத்தைத் தள்ளுறதுதான் உங்கட கதையின்ர உச்சம். அதுக்கு முன்னாலை சின்னச் சின்னதாக் கடலைப் பழக்குங்கோ, சோளகக் காத்து எப்ப விழும், வாடைக் காத்து எப்ப தொடங்கும் எண்டு கரையிலை இருந்தே பாக்கிறான், பிறகு முழங்கால் தண்ணி, பிறகு ஒருத்தரும் இல்லாத நேரத்திலை துடுப்பு.

திரும்பி வாற அதிகாரத்தைத் தயவுசெய்து ரெண்டு பக்கத்திலை முடிக்காதேங்கோ. பில்போ திரும்பி வரேக்கை ஆள் செத்துப்போச்செண்டு அவற்றை சாமானை ஏலம் போட்டுக்கொண்டு நிக்கினம், வெள்ளிக் கரண்டியளிலை கனக்கப் பிறகு வரவே இல்லை, ஊரிலை இருந்த மதிப்பும் போட்டுது. 1954-55இலை வந்த அடுத்த கதையான த லோட் ஒவ் த ரிங்ஸிலை, அதே மோதிரத்தை அழிக்கப் போன ஃப்ரோடோவுக்கு அதுகூட இல்லை, கடைசி நேரத்திலை மோதிரத்தை நெருப்பிலை எறிய ஏலாமல் தனக்கே எண்டு நிண்டவன், ஊரைக் காப்பாத்தியும் ஊரிலை இருக்க ஏலாமல் கப்பலேறிப் போறான். உங்கட பெடியன் வந்து இறங்கேக்கை ஆச்சி அவனை அடையாளம் கண்டிடுவா எண்டு நினைக்கிறன், குதிரையள் கிட்ட வருமோ எண்டதை நீங்கள்தான் முடிவெடுக்கவேணும். வாள் கட்டாயம் வேணுமெண்டா இருக்கட்டும், ஆனா வீட்டை வந்தாப் பிறகு அவன் அதை எங்கை வைக்கிறான் எண்டதையும் ஒரு வரி எழுதுங்கோ.