கேள்வி: இங்கிலாந்தில் சுற்றுலாக் கூட்டம் இல்லாத ஒரு சின்ன கிராமத்தைப் பார்க்க வேண்டும். எங்கே போகலாம்? அங்கே என்ன இருக்கும்?

ஸ்டோக் ரோ போங்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், சில்டர்ன் குன்றுகள் மேல் இருக்கிறது. ரெடிங்கிலிருந்து காரில் அரை மணி நேரம். ரயில் கிடையாது, பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள்.

ஒரே நீளத் தெரு, அதன் நடுவில் திடீரென்று நம்ம ஊர் மண்டபம் மாதிரி ஒன்று நிற்கும். இரும்புத் தூண்கள், மேலே குவிமாடம், அதன் கீழே ஒரு கிணறு. நீர் இறைக்கும் சக்கரங்களின் உச்சியில் பொன்முலாம் பூசிய குட்டி யானை. காசி மகாராஜா கொடுத்த கிணறு என்று சுற்றிலும் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

கதை இதுதான். அந்தக் குன்று சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையெல்லாம் கீழே இறங்கிவிடும், மேலே குட்டைத் தண்ணீர்தான். பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் ரீட் என்பவர் வட இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தார். தன் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் கடைசியாக மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு பையன் தாயிடம் அடி வாங்கிய கதையை அவர் மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் சொல்லியிருக்கிறார். ராஜா அதை மறக்கவில்லை. 1863இல் தோண்ட ஆரம்பித்து 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று, கிணறு திறக்கப்பட்டது.

அகலம் வெறும் 4 அடி. ஆழம் 368 அடி! தஞ்சைப் பெரிய கோயில் விமானமே 216 அடிதான். அத்தனையும் கையால் தோண்டியது. அந்த 4 அடிக் குழிக்குள் மண்வெட்டியோடு இறங்கியவனை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. வீடியோ காலில் காட்டினேன். அம்மா யானையைக் கண்டுகொள்ளவே இல்லை. "இவ்வளவு ஆழத்துக்குக் கயிறு யாருடா வாங்கிக் கொடுத்தது?" என்றுதான் கேட்டார். கிணற்றில் இறைத்து வளர்ந்தவர் அப்படித்தான் கேட்பார்.

அதற்கும் ராஜா வழி பண்ணியிருக்கிறார். பக்கத்தில் 4 ஏக்கரில் செர்ரித் தோப்பு போட்டு, பழம் விற்ற காசில் கிணற்றுப் பராமரிப்பு. காவல்காரருக்கு ஒரு குட்டி எட்டுப் பட்டை வீடு. தோப்புக்குள் மீன் வடிவத்தில் ஒரு குளம்கூட உண்டு. குழாய்த் தண்ணீர் வந்ததும் கிணற்றுக்கு வேலை போய்விட்டது. 1964இல் நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் ஃபிலிப் வந்தார், அன்று கங்கை நீரை இதில் ஊற்றினார்கள்.

சரி, வசதிகள். ஆரம்பப் பள்ளி, சர்ச், ஊர் மன்றம், விளையாட்டு மைதானம், பழைய பப்கள். அவ்வளவுதான். சுற்றிலும் பீச் (beech) மரக் காடு. அந்தக் காட்டு மரத்தில் நாற்காலிக் கால் கடைந்தும் கூடார முளை செய்தும் பிழைத்த ஊர் இது, இன்று வீட்டு விலை கேட்டால் தலை சுற்றும்.

கிணற்றைப் பார்க்க அரை மணி போதும். மிச்ச நேரத்துக்குக் காட்டுப் பாதையில் நடங்கள். மழை பெய்திருந்தால் வழுக்கும், நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். நான் சாதாரண ஷூவில் போய் இரண்டு முறை விழுந்தேன்.